திங்கட்கிழமை வரை சொல்லக் கூடாது

தை கிருத்திகையன்று மத்தியானம் கயல்விழி மாடி அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பட்டுப்புடவையைப் பாதி கட்டியும் கட்டாமலும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கீழே அடுப்படியில் அவள் அம்மா ஜெயம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். கை ஓய்ந்தபோதெல்லாம் மாடிப்படிப் பக்கம் வந்து ஒரு சத்தம் போட்டாள்.

"கயலு! புடவை கட்டினியா இல்லியா? நாலு மணிக்கெல்லாம் அவங்க வந்து நிப்பாங்கடி!"

"கட்டிகினே இருக்கறன்மா!"

கட்டிக்கொண்டெல்லாம் இருக்கவில்லை. கொசுவத்தை இடது கையில் கொத்தாகப் பிடித்திருந்தாள். வலது கையில் மவுஸ். காதில் ஹெட்போன். அழைப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், ஒருவரும் கேமரா போடவில்லை, ஒருவரும் வாயும் திறக்கவில்லை. நான்கு வருடத்துக்கு மேலாகக் கட்டிவைத்திருந்த கண்கட்டை இன்றைக்குத்தான் அவிழ்க்கப் போகிறார்கள்.

கயல்விழிக்குப் புள்ளியியல் வேலை. சென்னை நிறுவனம், ஆனால் வேலை திருத்தணி வீட்டு மாடியிலேயே. நுரையீரல் புற்றுநோய்க்காரர்களுக்கு ஒரு புது இம்யூனோதெரபி மருந்து பலன் தருகிறதா என்று பார்க்கிற பரிசோதனைக்கு அவள்தான் கணக்குப் பார்ப்பவள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு வழக்கமான கீமோ, பாதிப் பேருக்குப் புது மருந்து. யாருக்கு எது என்பது இத்தனை நாளும் அவளுக்கே தெரியாது. தெரிந்தால் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அந்த ஏற்பாடு.

கணக்கின் முடிவில் வருவது இரண்டு கோடுகள். இரண்டுமே உச்சியில், எல்லோரும் உயிரோடு இருக்கிற இடத்தில், சேர்ந்தே தொடங்கும். ஒருவர் இறந்தால் அவர் கோடு ஒரு படி கீழே இறங்கும். எந்தக் கோடு மெதுவாக இறங்குகிறதோ அந்த மருந்து ஜெயித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்.

ஆனால் இம்யூனோதெரபி இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது. கீமோ நேராகப் போய்ப் புற்றை அடிக்கும். இம்யூனோதெரபியோ உடம்பின் சொந்தப் படையை எழுப்பிவிட்டு, அது அடிக்கும்வரை காத்திருக்கும். அந்தப் படை எழுந்திருக்க மாதங்கள் ஆகும். சிலருக்கு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதனால் முதல் சில மாதங்கள் புது மருந்தின் கோடு கீமோ கோட்டுக்குக் கீழேகூடப் போகும். பிறகு இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இடம் மாறும். ஊரெல்லாம் பழகிய பழைய சோதனை, மொத்தக் காலத்தையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கும். முன்னால் வந்த நஷ்டமும் பின்னால் வந்த லாபமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, 'வித்தியாசம் ஒன்றுமில்லை' என்று முள் நடுவில் நின்றுவிடும். நல்ல மருந்து குப்பைக்குப் போகும்.

இதை எப்படி நிறுப்பது என்றுதான் அவளுக்கும் சூர்யபிரகாஷுக்கும் ஒரு வருடம் சண்டை நடந்தது.

சூர்யபிரகாஷ் மருந்து நிறுவனத்தின் பக்கத்துப் புள்ளியியல்காரன். முகம் பார்த்ததில்லை, குரல்தான். அரக்கோணத்து வீட்டிலிருந்து அந்தக் குரல் வரும். பொறுமையாக அவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்ளும், ஒரு விநாடி நிற்கும், பிறகு "ஆனா, கயல்விழி..." என்று தொடங்கும். பின்னால் வருகிற மாதங்களுக்கு எடை கூட்டிப் போடலாம் என்றாள் அவள். "ஆனா, கயல்விழி, முன்னாடியே செத்தவங்களுக்கு எடை கம்மியா?" என்றான் அவன். அந்த "ஆனா"வைக் கேட்டால் அவளுக்குக் காதுமடல் சூடாகும். கனவில்கூட ஒரு தரம் அந்த "ஆனா" வந்து, தூக்கத்திலேயே பதில் சொல்லி எழுந்திருக்கிறாள்.

கடைசியில், தரவைத் திறப்பதற்கு வெகுநாள் முன்பே, ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு தராசு வேண்டாம். முன்பக்கத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, எல்லாவற்றையும் ஒரே எடையில் பார்க்கிற பழையது ஒன்று. அத்தனையிலும் நிறுத்துப் பார்த்து, எதில் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். பல தரம் நிறுக்கிற சலுகைக்குத் தண்டமாகத் தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்திவைக்க வேண்டும். அதோடு இரண்டு கோடுகளுக்கும் அடியில் இருக்கும் பரப்பையும் அளந்து, மூன்று வருடத்தில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக எத்தனை மாத வாழ்வு கிடைத்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பூட்டியாயிற்று. இனி யாரும் மாற்ற முடியாது.

"ஓட்டுங்க," என்றார் அழைப்பை நடத்திய மூத்த மருத்துவர்.

கயல்விழி பொத்தானை அழுத்தினாள். திரையில் இரண்டு கோடுகளும் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கின.

முதலில் புது மருந்தின் நீலக் கோடு சடசடவென்று கீழே போனது. நான்காவது மாதத்துக்குப் பக்கத்தில் கீமோவின் சிவப்புக் கோடு அதைக் கடந்து கீழே இறங்கியது. பிறகு நடந்ததைப் பார்த்து அவள் கொசுவத்தை விட்டுவிட்டாள். புடவை முழுக்கக் காலடியில் விழுந்தது. சிவப்பு இறங்கிக்கொண்டே போனது, நீலம் மெதுவாயிற்று, இன்னும் மெதுவாயிற்று, ஒன்றரை வருடத்துக்கு அப்பால் இறங்குவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மூன்று வருட முடிவில் கீமோ பக்கம் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். புது மருந்துப் பக்கம் நூற்றுக்கு முப்பது.

பழைய சோதனை மட்டும் இருந்திருந்தால் மயிரிழையில் தோற்றிருக்கும். அவர்கள் பூட்டிவைத்த சோதனை ஜெயித்தது. உயர்த்திவைத்த மதிப்பெண்ணையும் தாண்டி ஜெயித்தது.

அழைப்பில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மூத்த மருத்துவர் தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் வாழ்த்துகள். திங்கட்கிழமை கம்பெனி அறிவிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. வீட்ல, நண்பர்கள்கிட்ட, யார்கிட்டயும்."

எல்லோரும் சரி சரி என்றார்கள். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"ஆனா, கயல்விழி..."

அவ்வளவுதான். திரை உறைந்தது. மலையில் காவடிக் கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன், ஒவ்வொரு போனிலும் ஒரு வீடியோ. திருத்தணி முழுக்க நெட்வொர்க் செத்துக் கிடந்தது. அவள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள், கட்டில்மேல் ஏறி நின்று பார்த்தாள். ஒரு கோடுகூட எழும்பவில்லை.

ஜெயித்த நேரத்தில்கூடவா "ஆனா"! அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு முன்னாலேயே சிரிப்பு வந்துவிட்டது. நூற்றுக்கு முப்பது பேர்! தலையணையை முகத்தில் அமுக்கிக்கொண்டு ஓவென்று கத்தினாள். பாவாடையோடு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்து, மேசையில் இடித்துக்கொண்டு, இடித்த முழங்காலைத் தடவிக்கொண்டே மறுபடி சிரித்தாள். உலகத்தில் இதை அவள் பேசக்கூடியவர்கள் அந்த அழைப்பில் இருந்தவர்கள் மட்டும்தான். அவர்களில் யாரும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

புடவையைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியபோது, முகத்தை என்ன செய்தும் அடக்க முடியவில்லை. உதட்டைக் கடித்தால் கன்னம் சிரித்தது, கன்னத்தைப் பிடித்தால் கண் சிரித்தது.

ஜெயம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். மூன்று மாதமாக மாப்பிள்ளை என்று பேச்சை எடுத்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பெண் இது.

"என்னாடி இது, பல்லெல்லாம் தெரியுது?"

"ஒண்ணும் இல்லமா."

"புடிச்சிருக்குதா மாப்பிள்ளைய?"

"ஐயோ, இல்லமா!" என்று சொல்லும்போதே இன்னும் அகலமாகச் சிரித்துவிட்டாள்.

ஜெயம்மா கூடத்துக்குப் போய், வெள்ளை வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த கணவர் தணிகாசலத்தின் காதில் கிசுகிசுத்தாள். கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காத கவலையில் இருந்த மனிதர், அந்தக் கிசுகிசுப்பில் அப்படியே மலர்ந்துவிட்டார். "நான் சொல்லல? போட்டோவை நல்லா பாத்திருக்கும்."

அந்தப் போட்டோவில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அம்பத்தூர்க்காரப் பையன் பிரேம்குமார் ஊட்டியில் எடுத்த படம் என்று தரகர் அனுப்பியது. கறுப்புக் கண்ணாடி, காதை மூடிய கம்பளித் தொப்பி, பின்னால் பனிமூட்டம். நடுவில் ஒரு மூக்கு தெரிந்தது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது, தலையிலும் தோளிலும் யாருடைய காவடியிலிருந்தோ உதிர்ந்த சாமந்தி இதழ்கள்.

"தணிகாசலம் சார் வீடுங்களா?"

"ஆங், வாங்க வாங்க!" ஜெயம்மா ஓடி வந்தாள். "பொண்ண பாக்கத்தானே வந்தீங்க?"

"ஆங், ஆமாங்க. கயல்விழியைப் பாக்கணும்."

அவன் இவ்வளவு நேராகச் சொன்னது ஜெயம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மூக்கும் ஏறக்குறைய அதே மூக்கு. "மத்தவங்கல்லாம்?"

"மத்தவங்களா? நான் மட்டுந்தாங்க வந்தேன். வண்டியை விடமாட்டேன்னுட்டாங்க. பைபாஸ்லயே போட்டுட்டு நடந்து வந்தேன்."

"பாவம், ஜனத்துல மாட்டிகினு இருப்பாங்க. நீங்க முன்னாடி வந்துட்டீங்க. உக்காருங்க, உக்காருங்க."

உட்கார்ந்தான். கையில் கேசரி வந்தது. கேசரி முடியுமுன் பஜ்ஜி வந்தது. மத்தியானச் சாப்பாட்டை மறந்து கிளம்பியவன், ஏன் எதற்கு என்று கேட்காமல் சாப்பிட்டான். தணிகாசலம் எதிரில் உட்கார்ந்து விசாரித்தார். வேலை? புள்ளியியல். அட, நம்ம பொண்ணு வேலைதான்! தரகர் இதைச் சொல்லவே இல்லையே. அப்பா? இல்லை, மூன்று வருடத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். அதையும் சொல்லவில்லையே. குடிப்பழக்கம்? அவன் பஜ்ஜியை மென்றபடி திகைத்தான். "டீ குடிப்பேன் சார்."

தணிகாசலம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கயலு, காபி எடுத்தாம்மா!"

கயல்விழி தட்டோடு வந்தாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. கூடத்தில் சாமந்தி இதழ்களோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். யாரோ அம்பத்தூர்க்காரன், கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடலாம் என்று நினைத்துக் காபியை நீட்டினாள். அவன் எழுந்து நின்றான்.

"ஆனா, கயல்விழி, லைன் கட்டாயிடுச்சு. அதான் உங்க ஆபீஸ்ல அட்ரஸ் வாங்கிட்டு நேர்ல..."

தட்டு சாய்ந்தது. இரண்டு டம்ளரை அவள் பிடித்தாள், மூன்றாவதை அவன் பிடித்தான், பாதிக் காபி அவன் சட்டைமேல் போனது. அவளுக்குக் காபியாவது சட்டையாவது!

"நீங்களா! நீங்களா அது! பார்த்தீங்களா கடைசி வரைக்கும்?"

"பார்த்தேன், பார்த்தேன். அதுக்கப்புறம் எறங்கவே இல்ல!"

"அப்படியே நிக்குது!"

"பலகை மாதிரி நிக்குது!"

"நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. ஒரு வருஷமா சொன்னீங்க!"

இருவரும் நடுக்கூடத்தில் எதிரெதிரே நின்றுகொண்டு, கையைக் காற்றில் வளைத்துக் கோடு போட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயம்மா கணவரைப் பார்த்தாள். கணவர் ஜெயம்மாவைப் பார்த்தார். ரொம்ப நாள் பழக்கம் போலிருக்கிறதே!

அந்த நேரத்தில்தான் ஒரு சிக்னல் எங்கிருந்தோ தப்பி வந்து, தணிகாசலத்தின் போன் அடித்தது.

"ஆங், சொல்லுங்க... யாரு? பிரேம்குமார் அப்பாவா? எங்க இருக்கீங்க... கனகம்மாசத்திரத்துலயா?... மாப்பிள்ளை?... உங்க பக்கத்துலயா?" அவர் குரல் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு படி ஏறியது. "திரும்பிப் போறீங்களா? சரிங்க, சரிங்க, இன்னொரு நாள் பாக்கலாம்ங்க."

போனை வைத்துவிட்டு, ஐந்தாவது பஜ்ஜியைக் கையில் பிடித்தபடி நின்றவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீ யாருய்யா?"

"நான் சூர்யபிரகாஷ் சார். அரக்கோணம்."

"பொண்ணு பாக்க வந்தேன்னு சொன்னியே!"

"ஆமா சார். பாக்கத்தான் வந்தேன். இவங்களைத்தான்." சொல்லி முடித்தபிறகுதான் கேசரியும் பஜ்ஜியும் பட்டுப்புடவையும் அவனுக்கு ஒன்று சேர்ந்தன. காது இரண்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன. "ஐயோ சார்! ஆபீஸ் விஷயமா சார்!"

"இன்னா விஷயம்?"

சூர்யபிரகாஷ் கயல்விழியைப் பார்த்தான். கயல்விழி கூரையைப் பார்த்தாள். "சொல்லக் கூடாதுப்பா," என்றாள்.

"திங்கட்கிழமை வரைக்கும் சொல்லக் கூடாது சார்," என்றான் அவன்.

"திங்கட்கிழமைக்கு இன்னா ஆவப் போவுது?" என்று ஜெயம்மா மார்பில் கை வைத்துக்கொண்டாள். "ரிஜிஸ்டர் ஆபீசா?"

கயல்விழி அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் அணை உடைந்து போயிற்று. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து அவன் சிரித்தான், காரணமே தெரியாமல் ஜெயம்மாவும் சிரித்தாள். தணிகாசலம் மட்டும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். முறைப்பு நீடிக்கவில்லை. "சாப்பிடு, சாப்பிடு. எடுத்த பஜ்ஜியை வெக்காத," என்றார்.

மருந்து வேலை, ரகசியம், கண்கட்டு என்று பொதுவாக அவருக்கு விளக்கிவிட்டு, கயல்விழி அவனை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். மலைமேல் கோபுரம் வெயிலில் மின்னியது. கீழே சாலை முழுக்க மஞ்சள் துணி அசைந்துகொண்டிருந்தது. பம்பைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"இப்ப சொல்லுங்க. 'ஆனா' என்னா?"

அவன் சட்டையிலிருந்த காபிக் கறையைச் சுரண்டினான்.

"முதல் நாலு மாசம். நம்ம பக்கத்துல அதிகம் பேர் போயிருக்காங்க. அது ரிப்போர்ட்ல பின்னாடி எங்கயோ ஒரு பட்டியல்ல போயிடும். முதல் பக்கத்துல வரணும் கயல்விழி. ஜெயிச்சோம்னு எழுதற அதே பத்தியில வரணும்."

"வரட்டும். அதுக்கா இவ்வளவு தூரம்?"

"எங்க நைனாவுக்கு இந்த மாதிரி மருந்துதான் குடுத்தாங்க. வேற கம்பெனியோடது. ரெண்டாவது மாசமே போயிட்டாரு." பம்பை கொஞ்சம் தணிந்தது, அவன் குரலும் தணிந்தது. "நீங்க பின்னாடி எடை கூட்டணும்னு சொன்னப்பல்லாம், அது சரின்னு எனக்குத் தெரியும். ஆனா என் காதுல அவருக்கு எடை கம்மின்னு கேக்கும். அதான் சண்டை போட்டேன்."

ஒரு வருடம். எத்தனை அழைப்பு, எத்தனை "ஆனா". ஒரு தடவைகூட அவன் இதைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. அவனைப் பிடிவாதக்காரன் என்றும், பழைய பஞ்சாங்கம் என்றும், அழைப்பு முடிந்ததும் சுவரைப் பார்த்துத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து அவள் கண் கலங்கியது.

"மொதல்லயே சொல்லி இருக்கலாமே!"

"சொன்னா விட்டுக் குடுத்திருப்பீங்க. அப்படி ஜெயிக்கக் கூடாதுல்ல? கணக்குல ஜெயிக்கணும்."

"ஜெயிச்சீங்க. அந்த முன்பக்கத் தராசும் பரப்பளவும் நீங்க கேட்டதுதானே."

"பின்பக்கத்து எடை நீங்க கேட்டது."

அவள் உள்ளே போய்க் கணினியை எடுத்து வந்தாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அந்த முதல் பத்தியை அங்கேயே எழுதினார்கள். மருந்து நிறையப் பேரை வருடக்கணக்கில் காப்பாற்றுகிறது. தொடக்க மாதங்களில் சிலருக்கு அது போதவில்லை. அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலை. இரண்டாவது வாக்கியத்தில் 'சிலருக்கு' என்பதா, எண்ணிக்கையா என்று குரல் உயர்ந்தது. ஜெயம்மா பாதிப் படியில் நின்று காது கொடுத்துவிட்டு, கீழே வந்து கணவரிடம் சொன்னாள்: "சண்டை போட்டுகினு இருக்குதுங்க."

"சந்தோஷமாவா?"

"ஆங். ரொம்ப சந்தோஷமா."

திங்கட்கிழமை காலை கம்பெனி அறிவித்தது. முதல் பத்தி எழுதியபடியே வந்திருந்தது, எண்ணிக்கையோடு. கயல்விழி படிகளில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்கி, பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் வாயில் நுரையோடு கேட்டுக்கொண்டார். வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"நூத்துக்கு முப்பது பேரு பொழைச்சிருக்காங்களா?"

"மூணு வருஷம் தாண்டியும் உயிரோட இருக்காங்கப்பா!"

"நல்ல சேதிம்மா." துண்டால் மெதுவாக முகத்தைத் துடைத்தார். "அந்த அரக்கோணத்துப் பையன் வீட்ல பெரியவங்க யாரு இருக்காங்க?"

அவள் துண்டைப் பிடுங்கித் தன் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிரேம்குமார் வீட்டாருக்கு ஜெயம்மா பக்குவமாகச் சொல்லி அனுப்பினாள். அவர்களுக்கும் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. மாசி மாதமே பூந்தமல்லியில் பையனுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். அறிவிப்பு வந்த அதே வாரம் வெள்ளிக்கிழமை சூர்யபிரகாஷின் அம்மா தேவகி, பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசிக்கொண்டு, ஒரு கூடை சாத்துக்குடியோடு வந்து இறங்கினாள். மகன் பேசும் ஒரே பெண் பெயர் இதுதான் என்றும், ஒரு வருடமாகக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருப்பதாகவும், "இவன் கத்தற கத்துக்கு அந்தப் பொண்ணு அழுதுடும்னு நெனச்சன், அவ திருப்பிக் கத்துறா!" என்றும் சொன்னாள். ஜெயம்மாவுக்கு அவளை விடுவதற்கு மனமில்லை. இருட்டும்வரை பேசிவிட்டு, பங்குனி வேண்டாம், சித்திரையும் வேண்டாம், வைகாசியில் மலைமேலேயே முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு அம்மாக்களும் தீர்மானித்தார்கள்.

கல்யாணத்தன்று கோயிலில் ஏகப்பட்ட ஜோடிகள். தாலி கட்டி முடிந்து கீழே இறங்கும்போது மூத்த மருத்துவர் போன் செய்தார். வாழ்த்துச் சொல்லிவிட்டு, தொடக்க மாதங்களில் யாருக்கு மருந்து எடுபடாது என்று ரத்தத்திலேயே கண்டுபிடிக்க ஒரு புதுப் பரிசோதனை ஆரம்பிக்கிறது, கணக்குக்கு இரண்டு பேரும் வேண்டும், எப்போது வேலைக்குத் திரும்புவீர்கள் என்று கேட்டார். கயல்விழி மாலையை ஒதுக்கிக்கொண்டு புது மாப்பிள்ளையைப் பார்த்தாள். வெயிலில் செருப்பைத் தொலைத்துவிட்டு ஒற்றைக் காலில் மாறி மாறிக் குதித்துக்கொண்டிருந்தான் அவன்.

"புதன்கிழமை," என்று சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிழலைப் பார்த்து ஓடினாள்.